கிரிம்ராய்ட் வீட்டு ஆடுகள்

நோரா பேர்ஸ்டோ தேநீர்த் தட்டோடு வெளியே வந்தபோது, கிரிம்ராய்ட்கள் அவள் வீட்டுச் சுவரைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து வந்த கூட்டம், ஒரு பேருந்து கொள்ளாது. எல்லார் நெஞ்சிலும் ஒரே குடும்பப் பெயர் அட்டை.

ராய்ட் என்றால் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பேச்சில் காடு வெட்டித் திருத்திய நிலம். கிரிம் என்று எவனோ ஒருவன் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மேட்டில் மரங்களைச் சாய்த்தான். நிலத்துக்கு அவன் பெயர் வந்தது. நிலத்தின் பெயர் அவன் பிள்ளைகளுக்கு வந்தது. பிற்பாடு பிள்ளைகளில் பாதிப்பேர் பெயரை மட்டும் சுருட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள்.

இப்போது அவர்களுடைய குடும்பச் சங்கம் பண்ணையை விலைக்கு வாங்கியிருந்தது. குத்தகைக்காரி நோரா செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

ஆனால் சங்கத் தலைவர் டுவைட் வாங்கும்போதே ஒன்று சொல்லியிருந்தார். நம் குடும்பத்து ஆள் யாராவது இங்கே இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொண்டு சாகும்வரை இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நோரா காலையிலிருந்து இத்தனை கேக் சுட்டாள்.

டுவைட் மேட்டில் மேயும் ஆடுகளைக் காட்டினார்.

"வேலியே இல்லையேம்மா, ஓடிப்போயிடாதா?"

"எங்க போகும் தம்பி? தாய் மேஞ்ச எடத்துலதான் குட்டி மேயும். தாய்க்கு அதோட தாய் காட்டிக் குடுத்தது. வெளி ஆட்டக் கொண்டாந்து விட்டா நிக்காது, அலஞ்சே செத்துப்போகும். அதான் பண்ணைய வித்தா மந்தையும் பண்ணையோடயே சேந்தது. எங்க ஊரு வழக்கம்."

டுவைட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஆதியிலேர்ந்து இங்கயே இருக்கறது இதுங்கதான்! இதுங்க மேல யாரும் கை வைக்கக் கூடாது."

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நோரா தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவும் கிரிம்ராய்ட்தான் தம்பி. இதோ இந்த மாடி ரூம்லதான் பொறந்தா. நானும் அங்கதான்."

நோராவின் அப்பா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். ஒரு தகரப் பெட்டியும் பேர்ஸ்டோ என்ற பெயரும்தான் கொண்டுவந்தார். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. பெயர் நின்றுவிட்டது.

டுவைட் கெட்டவர் இல்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துத்தான் சொன்னார்.

"பேரு அப்பா வழிலதானேம்மா வரும்? அம்மா வழியெல்லாம் சேத்தா பாதி ஹாலிஃபாக்ஸ் டவுனே பொட்டியத் தூக்கிட்டு வந்து நின்னுடும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நோராவும் சிரித்துவைத்தாள்.

அடுத்தது குடும்பப் படம். மேட்டைப் பின்னால் வைத்து, கல்சுவரின் முன்னே வரிசையாக நின்றார்கள். காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு நோரா ஓரமாக நின்றிருந்தாள்.

"பேர்க்காரங்க மட்டும் நிக்கலாமா?" என்று ஒரு பெண்மணி பதமாகச் சொன்னாள்.

டுவைட் ஓடிவந்து கேமராவை நோராவின் கையிலேயே கொடுத்தார். பிலிமில் கடைசிப் படம், பார்த்து எடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நோரா கண்ணை வைத்துப் பார்த்தாள். சிரிக்கிற முகங்கள். அவற்றுக்கு மேலே மேடு. மேட்டில் தாயும் குட்டியுமாக ஆடுகள்.

கேமராவை மெல்ல உயர்த்தினாள். கடைசித் தலையும் கீழே போய் மறையும்வரை உயர்த்தி, அழுத்தினாள்.

"எல்லாரும் விழுந்துட்டமா?" என்று டுவைட் அங்கிருந்து கத்தினார்.

"குடும்பத்துல ஒருத்தர் விடாம விழுந்துட்டாங்க தம்பி" என்றாள் நோரா.