ஒரு மடக்குத் தண்ணீர்

அவள் கதவைத் தட்டினாள். வயிற்றில் இருப்பது புற்றுக்கட்டிதான் என்று கையிலிருந்த ரிப்போர்ட் அடித்துச் சொன்னது.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் உள்ளே இருந்த பெரியவர். அவள் முகம் வியர்த்திருப்பதைப் பார்த்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு சார்..." என்று அதை நீட்டப்போனவள் பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள்.

"அது எங்கே ஓடிடப் போகுது? முதல்ல சாப்பிட்டீங்களா?"

"ஒரு வாய்கூட இறங்கலை சார். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சாமியை வேண்டிக்கிட்டுத் தைரியமாப் போன்னாங்க. எனக்குத்தான் பயத்துல காலே நகரலை."

"பயம் யாரைத்தான் விட்டுச்சு? எனக்கும் உண்டும்மா." தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். "ஒரு மடக்குக் குடிங்க. எந்தச் சேதியானாலும் பக்கத்துல ஒரு ஆள் இருந்தா தாங்கிக்கலாம்."

அவள் குடித்தாள். அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. பெற்ற மகளைத் தேற்றுவதுபோல் தோளைத் தட்டிக்கொடுத்தார் பெரியவர்.

பிறகு மெல்லத் தன் கட்டிலில் ஏறிச் சாய்ந்து, போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ம், இப்ப சொல்லுங்க டாக்டரம்மா. எனக்கு என்னவாம்?"