இரண்டு நிமிடம் பேச வேண்டும்

"என் பொண்ணு இங்கிலீஷ் பேசறதைக் கொஞ்சம் கேளுங்க சிஸ்டர். தண்ணி பட்ட பாடு!"

விரிப்புகளை வாங்கிப்போக வந்த நர்ஸிடம் போனை நீட்டினாள் அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போனபின் ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே மகள், மேல்படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறாள். அதற்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று உண்டு. எழுதினால் மட்டும் போதாது, பேசியும் காட்ட வேண்டும். தன் போனில் மைக் கெட்டுப்போனதால், இரண்டு வாரமாக அம்மாவின் போனில்தான் பேசிப் பதிவுசெய்து பழகுகிறாள்.

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் பெட்ஷீட், லாண்டரி, அர்ஜென்ட். அதற்கு மேல் ஒரு சொல் தேறாது. ஆனாலும் மகள் மடமடவென்று பேசுவதைக் கேட்க அவ்வளவு பெருமை.

சிரித்தபடி கேட்க ஆரம்பித்த நர்ஸின் முகம் பாதியிலேயே மாறிவிட்டது.

"என்ன சிஸ்டர், தப்புத் தப்பா பேசறாளா?"

"சேச்சே... நல்லாத்தான் பேசறா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? மறைக்காம சொல்லுங்க."

நர்ஸ் தயங்கினாள். "அவ அம்மாவைப் பத்திப் பேசறா. அம்மா காலேஜ் புரொபசராம். இவளுக்குப் பத்து வயசு இருக்கும்போதே... இறந்துட்டாங்களாம்."

அம்மாவின் கையிலிருந்த தலையணை உறை நழுவி விழுந்தது.

"சரியாக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவை சொல்றாம்மா."

அன்று முழுக்க மடித்த துணி ஒன்றுகூட நேராக அமையவில்லை. சூப்பர்வைசர் கத்தியது காதில் ஏறவில்லை. துணி மடிக்கிறவள் மகள் என்று சொல்ல நாக்கு கூசியிருக்கிறது. அதற்காகக் கொன்றே போட்டுவிடுவாளா?

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் போனை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள்.

"நான் எப்போடி செத்தேன்?"

புத்தகத்திலிருந்து நிமிர்ந்த மகளுக்கு முகம் வெளுத்துப்போனது. போனை எடுத்துப் பழைய பதிவுகளைத் தேடினாள்.

"இதையும் கேளும்மா."

"கேட்டா எனக்கென்ன புரியப்போகுது?"

"புரியும்."

"மை மதர் வொர்க்ஸ் இன் எ ஹாஸ்பிடல் லாண்டரி..." குரல் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். அவ்வளவுதான்.

அடுத்தது. "மை மதர்..." அதோடு சரி. அதற்கடுத்ததில் விசும்பல் மட்டும். இப்படிப் பதினோரு பதிவுகள்.

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாவைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லிக் கேள்வி வரலாம்மா. நடுவுல நிறுத்தினா மார்க் போயிடும். உங்க அம்மாவை விட்டுடு, வேற யாரையாவது கற்பனை பண்ணிச் சொல்லுன்னு கோச்சிங் சார்தான் சொன்னார்."

"கற்பனைதானே? அவளையாவது உயிரோட விட்டிருக்கக் கூடாதா?"

"விட்டுத்தான் பார்த்தேன்." மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா கற்பனையிலகூட, உயிரோட இருக்கிற எந்த அம்மாவையும் தனியா விட்டுட்டு ஏரோப்ளேன் ஏற முடியலம்மா."