சுவரில் முதல் பெயர்

"எனக்கு மூணாவது இடமா? நான் என்ன பஸ்ஸுக்கா வரிசையில நிக்கிறேன்?" என்று குதித்தார் லிஃப்ட் மெக்கானிக்.

பில்லியர்ட்ஸ் கூடத்தின் முன் அறையில் அன்று மாலை பந்துச் சத்தமே இல்லை, பேச்சுச் சத்தம்தான். காரணம், கூடத்தை நடத்தும் அக்கா. யாரையும் குச்சியைத் தொடவிடாமல், வெள்ளை அட்டையும் தடித்த பேனாவுமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம கூடத்துல கெட்டிக்காரங்க யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. எழுதிச் சுவர்ல மாட்டிடுறேன். அப்புறம் அக்கா ஓரவஞ்சனை பண்ணிட்டாங்கன்னு யாரும் புலம்பக் கூடாது."

மெக்கானிக்குக்கு முதல் இடம் வேண்டும். ஆசைக்கு அல்ல, அவசரத்துக்கு. 'எங்க கூடத்துல நான்தான்டா நம்பர் ஒன்' என்று மனைவியின் தம்பியிடம் ஆறு மாதமாக அளந்துகொண்டிருந்தார். அந்த மச்சினன் ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறான். சுவரில் பெயர் இருந்தால் தப்பித்தார். இல்லாவிட்டால் அவன் வாயில் விழ வேண்டும். மைக் இல்லாமலேயே மூன்று தெருவுக்குக் கேட்கும் வாய் அது.

"பல் டாக்டர்தான் முதல்" என்றார் டிரைவிங் மாஸ்டர். "அவர் ஒரு பந்து மேல கண்ணை வெச்சா பிடுங்காம விட மாட்டார்."

"பிடுங்குறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்! ஒரு அடிக்குப் பத்து நிமிஷம். மேசைக்கே கொட்டாவி வருது" என்றார் மெக்கானிக்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. "போன வாரம் கறுப்புப் பந்தை அடிக்கப் போய், வெள்ளைப் பந்தைக் குழிக்குள்ள அனுப்பினது யாரு சார்?"

"அது... குச்சி கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சு."

"ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மாஸ்டர் எடுத்துவிட, டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மெக்கானிக் கிழக்கு என்றால் மேற்கு என்பவர் அவர். இன்று எதிர்க்கட்சி ஏன் வாயே திறக்கவில்லை என்று மெக்கானிக்குக்கே உள்ளுக்குள் உறுத்தியது.

அக்கா பேனாவால் அட்டையைத் தட்டினார். "பந்தைக் குழியில தள்ளுறது எல்லாரும் செய்யறதுதான். குச்சியைக் கடப்பாரை மாதிரி நட்டமா நிறுத்தி, மேலேருந்து ஒரு குத்து குத்துவாங்களே? வெள்ளைப் பந்து குறுக்கே நிக்கிற பந்தைச் சுத்திக்கிட்டு வளைஞ்சு போகுமே? அது யாருக்கு வரும்? அவங்கதான் முதல்."

டாக்டர் தலையாட்டினார். "எனக்கு வராதும்மா."

"நான் கேள்விப்பட்டதோட சரி" என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் அதைக் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்து நின்றது.

"எனக்கு வரும்" என்றார்.

"அடேங்கப்பா! யார் பார்த்தா?" என்று மடக்கினார் மாஸ்டர்.

"அது... தனியா இருக்கும்போது அடிப்பேன்."

"தனியா இருக்கும்போது நான்கூட ஏரோப்ளேன் ஓட்டுவேன்!"

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு குரல் வந்தது. "நான் பார்த்தேன்."

மருந்துக்கடைக்காரர்! மெக்கானிக் தன் காதையே நம்பவில்லை.

"நேத்து சாயங்காலம், உள் அறை மேசையில. நீங்கள்லாம் டீ குடிக்கப் போயிட்டீங்க. இவர் குச்சியை நிறுத்தி ஒரே குத்து. பந்து பாம்பு மாதிரி நெளிஞ்சு போய்க் குழியில விழுந்துச்சு. நான் கைதட்டினேனே, ஞாபகம் இல்லையா சார்?"

"இல்லாம என்ன? அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு!" மெக்கானிக் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட மனிதரையா இத்தனை நாள் பகையாளி என்று நினைத்தோம்?

"நேத்துதானே? உள் அறை மேசைதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி" என்று மெக்கானிக்கைக் கேட்டார் அக்கா.

"சத்தியமா அக்கா! அதே மேசை, நானேதான். இந்தக் கூடத்துல என்னைத் தவிர வேற எவனுக்கும் அந்த அடி வராது. எழுதிக்குங்க!"

அக்கா எழுதினார். அட்டையின் நடுவில், கொட்டை எழுத்தில், மெக்கானிக்கின் பெயர். டாக்டரும் மாஸ்டரும் அரை மனதாகக் கைதட்டினார்கள்.

அக்கா எழுந்து போய் உள் அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். மேசையின் பச்சைத் துணி நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, அடியில் இருந்த கல் பலகை பல்லை இளித்தது.

"காலையில கூட்ட வந்தப்ப பார்த்தேன். நட்டமா இறங்கின குத்து. யார் கிழிச்சதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டீங்க. யாரு கெட்டிக்காரன்னு கேட்டா, சத்தியமே பண்றீங்க."

சொல்லிக்கொண்டே, மெக்கானிக்கின் பெயருக்கு மேலே காலியாக விட்டிருந்த இடத்தில் தலைப்பை எழுதினார்: 'இனி இங்கே குச்சியைத் தொடக் கூடாதவர்கள்.' வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே வருகிற எந்த மச்சினனுக்கும் முதலில் கண்ணில் படுகிற ஆணியில் அட்டையை மாட்டினார்.

"ஐயோ, நான் அந்த மேசைப் பக்கமே போகலைங்க! சார், நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க!" என்று மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார் மெக்கானிக்.

அவர் மெக்கானிக்கின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு காதோரம் குனிந்தார்.

"நேத்து என் குத்து கொஞ்சம் பலமா விழுந்துடுச்சு. இந்த உதவியைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், சாம்பியன்."