பன்னிரண்டு இருபதுக்கு நிழல் இல்லை

"இன்னும் பத்து நிமிஷத்துல உங்க நிழலெல்லாம் காணாமப் போயிரும்!"

மைதானத்தில் அறிவியல் டீச்சர் சுமையா இப்படிச் சொன்னதும், சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி பதறி எழுந்தாள்.

பிள்ளைகளோ கைதட்டிச் சிரித்தார்கள். எதற்குச் சிரிப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

நிழல் காணாமல் போனால் என்ன ஆகும் என்று காமயகவுண்டன்பட்டியில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாதம். உச்சிவேளை. அவள் புருஷன் பாண்டீஸ்வரன் களத்தில் நின்றபடி, "ஏ முத்து, என் நிழலக் காணோம் பாரு" என்றான். குதித்துப் பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்து தேடினான். எப்போதும் விளையாட்டுத்தனம்தான் அவனுக்கு. இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் தேங்காய் வெட்டப் போகச் சோம்பல்பட்டவனை, வியாபாரியின் வண்டி வந்து நிற்கிறதென்று விரட்டியவளும் இவள்தான். பதினோராவது மரத்தில் அவனுக்குப் பிடி நழுவியது.

நிழல் போனவன் நாள் தாங்கமாட்டான் என்பது மாமியாருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நிழல் போனது தெரிந்தும் புருஷனை மரத்தில் ஏற்றிவிட்டவள் என்று ஊரெல்லாம் பேச்சு. குழந்தையைத் தங்களிடம் நிறுத்திக்கொண்டு, வீட்டைவிட்டு அவளை மட்டும் வெளியே அனுப்பினார்கள். அவள் மனசும் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது.

இப்போது நூற்றுப்பத்துப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். அத்தனையும் அவள் கையால் சாப்பிடுகிற பிள்ளைகள்.

உரித்த முட்டையைச் சட்டியில் போட்டுவிட்டு ஓடினாள்.

"டீச்சர், புள்ளைகள உள்ள அனுப்புங்க! இது வெளையாட்டுக் காரியம் இல்ல!"

சுமையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களும் பாருங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்து வெயிலில் நிறுத்திக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு இருபது. தரையில் நட்டிருந்த பிளாஸ்டிக் குழாயின் நிழல் தேய்ந்து தேய்ந்து, இல்லாமலே போயிற்று.

பிள்ளைகள் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை. கவிழ்த்து வைத்த டம்ளருக்கு இல்லை. தலைமையாசிரியருக்கு மட்டும் தொந்திக்கு நேர்கீழே கொஞ்சம் கிடந்தது.

முத்துப்பேச்சி தன் காலைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. ஆனாலும் ஓடாமல் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"எல்லாருக்குமா டீச்சர் போகும்?"

"இந்த ஊருல நிக்கிற எல்லாத்துக்கும்தான்க்கா. பூமி சாஞ்சபடியே சூரியனச் சுத்துது. அதனால வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்து நிக்கும். இன்னைக்கு ஒரு நாள். அடுத்தது ஆகஸ்டு கடைசியில."

அவள் விரல்விட்டு மாசத்தை எண்ணினாள். ஆகஸ்டு கடைசி என்றால் ஆவணி.

அன்றைக்குக் களத்தில் அவனுக்குப் பக்கத்தில்தான், கையெட்டும் தூரத்தில் இவளும் நின்றிருந்தாள். குனிந்து தன் காலடியைப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

குழாயின் அடியில், இந்தமுறை கிழக்குப் பக்கமாக, நிழல் மெல்லத் தலைநீட்டியது. சோற்றுக்கு மணி அடித்தார்கள். பிள்ளைகள் தட்டை எடுக்க ஓடினார்கள்.

முத்துப்பேச்சிக்கு உட்கார்ந்து ஒருபாடு அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்கு இதுவா நேரம்? பசித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றன. இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"இப்பச் சொன்னத அப்படியே ஒரு தாள்ல எழுதி, பள்ளிக்கூட சீல் வச்சுக் குடுங்க டீச்சர்."

"எதுக்குக்கா?"

"எம் மாமியாளுக்கு வாசிக்கத் தெரியாது. அவுககிட்ட வளர்ற எம் மக வாசிப்பா."