பக்கத்துக் கதிரைக்காரியின் கொப்பி

குணரத்தினம் கொப்பியைக் குசினி மேசையில் போட்டார், கள்ளனைப் பிடித்துக் கொடுக்கிற ஆளைப் போல. களவெடுத்தது அவர்தான்.

"லியூவின்ரை. வகுப்பில எனக்குப் பக்கத்தில இருக்கிற சீனத்தி."

அடுப்படியில் நின்ற மருமகள் கமலினி கையைத் துடைத்தாள். "கேட்டோ எடுத்தனீங்கள், மாமா?"

"கேட்டால் தருவாளே?"

அவர்கள் வந்து குடியேறிய கிளென் வேவர்லியில் செவ்வாய்தோறும் முதியவர்களுக்கு இங்கிலீஸ் வகுப்பு. ஆளுக்கொரு பந்தி எழும்பி வாசிக்க வேண்டும். குணரத்தினத்தின் முறை வருகிற நேரம் பார்த்து லியூ கையை உயர்த்துவாள். இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து, எங்கே பாவிப்பது என்று ரீச்சரைப் பிடித்து வைத்துக்கொள்வாள். நேரம் முடிந்துவிடும். பிறகு அவரை ஒருதரம் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்து கொப்பியில் எழுதுவாள்.

ஐந்து மாதமாக இதே கூத்து. தன்னை வகுப்பை விட்டுக் கலைக்கத்தான் ஏதோ எழுதுகிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். சிரித்துக்கொண்டு எழுதுகிறவர்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

"மூலை மடிச்ச பக்கம். போனில பிடி. தமிழில காட்டட்டும்."

மேலே ஒரு இங்கிலீஸ் சொல். கீழே முழுக்கச் சீனம். கமலினி படம் பிடித்தாள். திரையைப் பார்த்தவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிழையாக் காட்டுது மாமா. விடுங்கோ."

"மறைக்கிறாய் என்ன. இஞ்ச தா."

பறித்தார். திரையில் தமிழில் இருந்ததை வாசிக்காமல் கண்ட இடத்தில் அழுத்தினார். போன் வாய் திறந்தது, செய்தி வாசிக்கிறவளின் குரலில்.

"பிரிடெண்ட். பாசாங்கு செய்தல். எடுத்துக்காட்டு ஒன்று: குழந்தை தூங்குவது போலப் பாசாங்கு செய்கிறது. எடுத்துக்காட்டு இரண்டு: என் பக்கத்தில் அமரும் முதியவர் படிப்பது போலப் பாசாங்கு செய்கிறார். எடுத்துக்காட்டு மூன்று: அவர் முறை வரும்போது எனக்குச் சந்தேகம் இருப்பது போல நான் பாசாங்கு செய்கிறேன்."

நிறுத்துவதற்கு எங்கே அழுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. அழுத்திய இடத்தில் அது முதலிலிருந்து மறுபடி தொடங்கியது.

கமலினி போனை வாங்கி அணைத்தாள். அவரைப் பார்க்காமல் பிரிட்ஜடிக்குப் போனாள். மூன்று வருசமாக, வேலைக்குப் போகமுன் அவருடைய சாப்பாட்டையும் மருந்தையும் துண்டில் தமிழில் எழுதி அதில் ஒட்டிவிட்டுப் போகிறவள். நாளைக்கான துண்டை உரித்துக் கைக்குள் கசக்கினாள்.

"மீன் குழம்பு கீழ்த்தட்டில மாமா. சாப்பிட்ட பிறகு நீலக் குளிசையைப் போடுங்கோ. நாளைக்கும் காலமை சொல்லிப்போட்டுப் போறன்."

குணரத்தினத்தின் காது சுட்டது.

"ஏன்? எழுதி ஒட்டிவிட்டுப் போ பிள்ளை. நான் வாசிக்கிறனான்தானே."

"ஓம் மாமா. எனக்குத்தான் எழுதப் பஞ்சியா இருக்கு," என்றாள், ஒரு நாளும் பஞ்சி பார்த்துச் சோம்பியிராத கமலினி.