நொண்டும் கரடி

கரடியின் காலில் பாறை விழுந்தது. அடுத்த காட்சியில் அது துள்ளி எழுந்து ஓட வேண்டும் என்றுதான் கதையில் இருந்தது. கல்குவாரியில் வளர்ந்த தவமணி அதை நொண்ட வைத்து வரைந்திருந்தாள்.

"என்னம்மா இது, நொண்டிக்கிட்டே போகுது?" என்றார் தயாரிப்பாளர் கோதண்டம்.

"கல்லு விழுந்துச்சுல்ல சார்."

"கார்ட்டூன்மா இது. பிள்ளைங்க சிரிக்கணும்."

"விழும்போது சிரிக்கட்டும். அதுக்கப்புறம் காலு வீங்கும். எங்கம்மா வீங்குன காலோட மூணு மைல் நடந்து வந்து உலை வச்சுச்சு."

"பிள்ளைங்க பயந்துரும்."

"பயப்படாதுங்க. கல்லு யாரு காலுலயும் விழும்னு அதுங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

ஒளிபரப்புவதற்கு முன் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து போட்டுக்காட்டுவது அந்த ஸ்டூடியோவின் வழக்கம். சிரிப்பு வராத இடத்தை அங்கேயே வெட்டிவிடுவார்கள். பாறை விழுந்தபோது பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். கரடி நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடக்கத் தொடங்கியதும் அறை அடங்கிப்போனது. கோதண்டம் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"பார்த்தியா, ஒருத்தன் சிரிக்கல. வெட்டு."

"ஒருத்தன் சிப்ஸும் திங்கல சார். நல்லா பாருங்க." பத்துப் பொட்டலங்களும் மடியில் அப்படியே கிடந்தன.

"வெட்டலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

தவமணி கணினியின் முன்னாலிருந்து எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே வெட்டிக்கங்க. என் கை வெட்டாது."

அவர் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பி அவரை முறைத்தாள்.

"வீடு போய்ச் சேந்துச்சா இல்லையா? போடுங்க அங்கிள்!"