கோவளத்துக்கு ஏழு தட்டு

ரத்தினபாய் ஏழு தட்டுகளைத் துடைத்து, எண்ணி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். வீட்டில் இருந்ததும் ஏழு பேர்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேன் வந்துவிடும். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். அங்கே நான்கு நாள் கடலோர வீடு.

அவள் கணவன் தனசிங் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் தாளின் பின்புறம் எழுதிய பட்டியலைப் படித்தான். ஸ்டவ், மண்ணெண்ணெய், கொசுவலை என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் எடுத்து வைத்தாள்.

கடற்கரைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னதே ரத்தினபாய்தான். டீச்சரான அவள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்தி முடித்த மறுநாளே, பாளையங்கோட்டையிலிருந்து நாத்தனார் மெட்டில்டா, கணவன் சாலமோனோடும் பையனோடும் விடுமுறைக்கு வந்து இறங்கினாள். அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்கு ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்க ஆரம்பித்தால், இரவு பாத்திரம் கவிழ்க்கும்வரை ரத்தினபாய்க்கு அடுக்களைதான். ஒருநாள் தோசைத் திருப்பியைப் பிடித்தபடியே நின்றுகொண்டு தூங்கிவிட்டாள். தீய்ந்த வாசனைதான் எழுப்பியது.

அன்று மாலை தனசிங்கிடம் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. நாலு நாள் நான் ஸ்டவ் பத்த வைக்காம இருக்கணும்."

தனசிங் உடனே ஒப்புக்கொண்டான். கோவளத்தில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைப்பதாக விசாரித்து, சமையலுக்கும் அங்கே ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஆனால் வீட்டுக்காரர் அனுப்பிய ஃபாரத்தில் ஒரு விதி இருந்தது. தங்குகிறவர்கள் ஆறு பேர். கூட ஒரு சமையல் ஆள். அதற்குமேல் ஒருவருக்கும் இடமில்லை.

தனசிங் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு ஃபாரத்தை நிரப்பினான். அவன், இரண்டு பிள்ளைகள், மெட்டில்டா, சாலமோன், அவர்கள் பையன். ஆறு வரியிலும் ஆறு பேர். ஏழாவது வரியில் பெயர் எழுதவில்லை. 'சமையல் ஆள், பெண், 1' என்று மட்டும் எழுதினான்.

"பேருக்குத்தான், ரத்தினம். வந்தவங்களை விட்டுட்டுப் போக முடியுமா? சமையலும் உன் கையாலன்னா பிள்ளைங்களுக்கும் ஒத்துக்கும்" என்றான்.

மெட்டில்டா சிரித்தாள். "கவலைப்படாதீங்க மதினி. உங்க மீன் குழம்பு வாசம் பட்டா வாட்ச்மேன் சந்தேகமே பட மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினபாயும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஃபாரத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"வாட்ச்மேன் நிஜமாவே ஆளை எண்ணிப் பார்ப்பானா?" என்று கேட்டாள்.

"பேரைப் படிச்சு ஒவ்வொருத்தரா உள்ளே விடுவானாம். ஒரு ஆள் கூடினாலும் கேட்டைத் திறக்க மாட்டானாம்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பத்து நாளாகத் தோசை வார்த்தாள், துணி துவைத்தாள், ஊறுகாய் போட்டு பாட்டிலில் அடைத்தாள். அவள் இவ்வளவு அமைதியாக இருந்தது தனசிங்குக்கு உறுத்தியது. இப்போது பட்டியலின் கடைசிக்கு வந்தபோதும் உறுத்தியது. எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருந்தது. ஒன்றே ஒன்று விட்டுப்போயிருந்தது. 'நாலு நாளுக்குப் பால் வேண்டாம் என்று அரிகிருஷ்ணனிடம் சொல்ல வேண்டியது.'

"பால்காரர்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"கோவமா, ரத்தினம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க. அலுப்பு."

மறுநாள் வேன் நேரத்துக்கு வந்தது. ட்ரங்குப் பெட்டி, ஸ்டவ், அரிசி மூட்டை எல்லாம் ஏறின. பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். சாலமோன் முன் சீட்டில் உட்கார்ந்து, காலை டிபனுக்கு எங்கே நிறுத்துவோம் என்று டிரைவரை விசாரித்தான்.

அப்போது துணிப்பையோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். "லேட்டாயிடுச்சாம்மா? நான் ஸ்டவ் பக்கத்துலயே குந்திக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் ஏறினாள்.

"யாரு இது?" என்றான் தனசிங்.

"பச்சையம்மா. காலேஜ் ஹாஸ்டல்ல சமைக்கறாங்க. இப்ப ஹாஸ்டலுக்கு லீவு. நம்ம சமையலுக்குத்தான் வரச் சொன்னேன்."

தனசிங்கின் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. உனக்கும் ஒத்தாசை" என்றவன், சட்டென்று நிறுத்தி வேனுக்குள் எண்ணினான். "ஆனா எட்டாயிடுமே. வாட்ச்மேன் விட மாட்டானே."

"எட்டு இல்லீங்க. ஏழுதான்."

இடுப்பில் செருகியிருந்த ஃபாரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தனசிங் விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தான். ஏழாவது வரியில் விரல் நின்றது. வேனின் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் நேற்றுக் கட்டிய பழைய சேலையிலேயே இருந்தாள். காலில் செருப்பில்லை.

"அப்ப நீ?"

தெரு முனையில் அரிகிருஷ்ணனின் சைக்கிள் மணி கேட்டது. ரத்தினபாய் வாசல்படியில் தயாராக வைத்திருந்த சின்னப் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

"அதுல என் பேரே இல்லையேங்க."